பாலிச் சொற்களும் புத்தர் கொள்கையும்

பிறர் மதமொன்றனை ஆராயப் புகுவோர், அம்மதத்தார் கூறுமதனை அவர் கூறியவாறே முதற்கண் எடுத்து நிறுத்திப் பின்னரே அதன்மேற் செல்லுதல் வேண்டுமென்பது நம் முன்னோர் கைக்கொண்ட தருக்க நெறி. புத்தமதத்தைப் பற்றி நம்மவர் பேசுங்கால் இந்நெறி பெரும்பாலும் நெகிழ்ந்து விடுகின்றது. ‘உலகெலாந் துன்பமே என்பர் புத்தர், உயிரென்று ஒன்றில்லை என்பர், அழிந்து போதலே முத்தி என்பர்’ என்னும் மூன்று தொடரோடு அமைந்து விடுவார் பலர். யாமும் பன்னாள் அங்ஙனமே கூறித் திரிந்தேம். இம்மூன்றும் முழுப் பொய்யுமல்ல, முழு மெய்யுமல்ல. துக்கம், அனத்தா, நிப்பானம் என்னும் மூன்று பாலிச் சொற்களை ஒவ்வொரு தமிழ்ச்சொல்லால் விரைந்து பெயர்த்துக் கொண்டமையால் விளைந்தன அவை. ஆகலின் அச்சொற்களையும் அவற்றின் இனமாகிய சிலவற்றையும் வேரும் வழக்கும் நோக்கி ஈண்டு ஆராய்வாம்.

பாலி என்பது முதற்கண் ஒரு மொழிக்குப் பெயரன்று. வரிசை, மூலபாடம் என்பனவே அதன் பொருள். அட்டகதா எனப்படும் உரைக்கு எதிராக நூலின் மூலத்தைப் ‘பாலி’ என வழங்கிப், பின்னர் அம்மூலம் அமைந்த மொழிக்கே அப்பெயர் ஆயிற்று. தேரவாதிகள் தம் மொழியை மாகதி என்றே குறிப்பர். ஆயினும் மகதநாட்டுப் பேச்சோடு அஃது எல்லாவகையானும் ஒத்ததன்று என்பது மொழிநூலார் துணிபு. வாய்மொழியாக வந்த திரிபிடகம் இலங்கையில் வட்டகாமணி அபயன் காலத்தில், கி. மு. முதல் நூற்றாண்டில், ஏட்டிலெழுதப் பெற்றது. மாத்தளைக்கு அணித்தாகிய அலுவிகாரையே அவ்விடம் என்பது வழிவழிச் செய்தி.

தமிழ்நாட்டுக்கும் இம்மொழிக்கும் உள்ள உறவினைப் பலரும் அறியார். கி. பி. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர், தம் உரைநூலொன்றன் இறுதியில் காஞ்சிபுரத்துத் தாம் உறைந்தமையைக் குறிப்பிடுகின்றார். உறையூரினராகக் கருதப்படும் புத்ததத்தர் அபிதம்மாவதாரத்தைக் காவிரிப்பூம்பட்டினத்து இருந்து எழுதினார். ஏழாம் நூற்றாண்டின் நடுவிற் காஞ்சியின் சிறப்பை எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அந்நாட்டிலே நூறளவினவாய பள்ளிகளும் பதினாயிரம் துறவிகளும் இருந்தமையையும், அவர்கள் ஸ்தவிர நெறியினரென்பதனையும் கூறிப்போந்தார். ஸ்தவிர என்னும் வடசொல்லே பாலியில் ‘தேர’ என நிற்கும். முதியோர் என்பது பொருள். தேவாரத்துள் ஆளுடைய பிள்ளையார் ‘தேரர்’ என்று சுட்டுவது இவர்களையே. ஆகவே மூவர் முதலிகள் காலத்துக் காஞ்சியிற் பெரும்பான்மையர் பாலிமறை ஓதும் புத்தராவர் என்பது போதரும். இச்செய்தி கட்டுரையின் இறுதியிற் பயன்படும், நிற்க.

துக்க என்னுஞ் சொல்லை எடுத்துக்கொள்வாம். புத்தகோசர் இதனைத் ‘து’ என்றும் ‘க’ என்றும் இரண்டாகப் பிரிப்பர். ‘து’ என்பது இழிவு. தீய மகனைத் துபுத்த என்பது போல. ‘க’ என்பது வெளி, வெறுமை. நிலைபேறும் இன்பமும் தனக்கென ஒரு தன்மையும் உளவென்று பேதையர் கருதிய ஓரிடத்து அவை இல்லாமையின் வெறுமை ஆயிற்றென்பது அவர் விளக்கம். இஃது இலக்கண முறையாற் பெற்ற வேரன்று, பொருள் விளக்கத்துக்காக உரையாசிரியர் கண்ட பிரிப்பே எனினும், சொல்லின் உள்ளக்கிடையை நன்கு காட்டுகின்றது. தமிழிலே துன்பம் என்றவுடன் நோயும் அழுகையும் நினைவுக்கு வரும். பாலியிலோ அது மூவகைப்படும்: நோய் முதலிய வெளிப்படைத் துன்பம் துக்கதுக்கம்; இன்பம் மாறுதலான் எய்துவது விபரிணாமதுக்கம்; பல காரணங் கூடிச் செய்யப்பட்ட எப்பொருளும் நிலையாமையான் உடையது ஸங்காரதுக்கம். முன்னையது பாமரர்க்கும் விளங்கும். மூன்றாவது ஞானியர்க்கே விளங்கும் என்பர். ஆதலின் ‘இன்பமென்பதே இல்லை’ என்று புத்தர் கூறினாரென்றல் பொருந்தாது. அனாதபிண்டிகர் என்னும் வணிகர்க்கு, இல்லறத்தான் எய்தும் இன்பம் நான்கெனப் பொருளுடைமை, அதனைத் துய்த்தல், கடன்படாமை, குற்றமின்மை என்பவற்றைப் புத்தர் எண்ணிக் கூறியதாக அங்குத்தர நிகாயத்திற் காண்கின்றோம். கடனின்மையை ஓர் இன்பமாக எண்ணியவரை உலகினை வெறுத்துச் சலித்தவர் என்பது எங்ஙனம்?

இன்னுமொன்று. வாய்மை நான்கினையும் பெயரளவிற் கூறிவிடுதல் போதாது. ஒவ்வொன்றற்கும் உரிய செயலொன்று முதற் பேருரையிலேயே விதிக்கப்பட்டுள்ளது. துக்கம் முற்ற அறியத்தக்கது, அதன் தோற்றம் விடத்தக்கது, அதன் நிரோதம் நேரிற் காணத்தக்கது, நெறி பயிலத்தக்கது. துக்கம் விடத்தக்கது எனக் கூறாமல் அறியத்தக்கது எனக் கூறியமை கருதற்பாலது. மருத்துவன் நோயை வெறான், நோயின் தன்மையை அறிவான், விலக்குவது நோய்முதலையே.

அந்நோய்முதல் தண்ஹா. வடமொழியில் த்ருஷ்ணா, நீர்வேட்கை என்பதே நேர்ப்பொருள். ஆசை என்று பெயர்த்தால் இச்சொல்லின் வறட்சி தோன்றாது. மணிமேகலை ஆசிரியர் ஈண்டு மிக நுண்ணிதாக வேட்கை என்னுஞ் சொல்லைத் தேர்ந்தனர். விருப்பத்திற்கும் தாகத்திற்கும் பொதுவான தமிழ்ச்சொல் அதுவே. இவ்வேட்கை மூன்று: காமதண்ஹா, பவதண்ஹா, விபவதண்ஹா. புலனின்பத்தை வேட்டல், என்றும் இருத்தலை வேட்டல், இல்லையாய் ஒழிதலை வேட்டல் என இவை முறையே பொருள்படும். மூன்றாவதனை உற்று நோக்குக. அழிந்தொழிய வேண்டுமென்னும் விருப்பமும் துன்பத்திற்குக் காரணமாகிய வேட்கையே என்பராயின், அழிவினையே முத்தியென்று அவர் கொண்டாரென்றல் எவ்வாறு? உயிர் உடலோடு அழியும் என்னும் கொள்கையை உச்சேதவாதமென்று பெயரிட்டுப் பொய்க்காட்சிகளுள் ஒன்றாக வைத்து விலக்கியும் உள்ளனர். நம்மவர் பலர் புத்தர்மேல் ஏற்றும் குற்றம், புத்தர் தாமே பிறர்மேல் ஏற்றிய குற்றமாக இருத்தல் வியப்பே!

இனி, உபாதானம். உப, ஆ என்னும் முன்னொட்டுகளோடு ‘தா’ என்னும் வினை கூடிப் பற்றிக்கொள்ளுதலை உணர்த்துவது. பாலியில் இதற்கு விறகு, எரிபொருள் எனவும் பொருள் உண்டு. விளக்கிற்கு நெய்யும் திரியும் உபாதானம், வேள்வித்தீக்குச் சுள்ளி உபாதானம். தமிழில் இதற்கு நேராக வைத்த ‘பற்று’ என்னுஞ் சொல் இவ்விருபொருட்கும் இயைந்தே நிற்கின்றது. மனம் பொருளைப் பற்றுகின்றது. தீயும் கூரையைப் பற்றுகின்றது. இந்த ஒற்றுமையைப் பெயர்த்தவர் அறிந்தே கொண்டனரோ, தானே அமைந்ததோ, யாம் துணிந்து கூற இயலாது. எவ்வாறாயினும் ஆங்கிலம் வல்ல பேரறிஞர் பலர் இருசொல்லாற் பெயர்த்து இடர்ப்பட்டதனைத் தமிழ் ஒருசொல்லால் முடித்தது.

இந்தத் தீயுவமையை மறந்தார்க்கு நிப்பானம் விளங்காது. கயாசீசத்தில், முன்னர்த் தீவேட்டுப் பின்னர்த் துறவேற்ற ஆயிரவர் சடிலரை நோக்கிப் புத்தர் கூறிய உரையில், கண்ணும் எரிகின்றது, கண்ணாற் காணும் உருவும் எரிகின்றது, செவி முதலியனவும் எரிகின்றன என்பதே பொருள். எரிப்பன எவையெனின், காமம் வெகுளி மயக்கம் எனத் திருவள்ளுவனாரும் எண்ணிய மூன்றுமாம். அத்தீ அவிதலே நிப்பானம். நிர் என்னும் முன்னொட்டும் வீசுதற் பொருளதாகிய வா என்னும் வேரும் கூடி வடமொழியில் நிர்வாணம் என நிற்கும். உரையாசிரியரோ ‘வான’ என்பதற்கு நெய்தல் எனப் பொருள்கொண்டு, ஒரு பிறப்பையும் மற்றொரு பிறப்பையும் நூலிழைபோற் பின்னுகின்ற வேட்கையினின்றும் நீங்கியது என உரைப்பர். எவ்வழிக் கொள்ளினும் அவிவது தீ. அவிவது ஆள் அன்று. ஜம்புகாதகன் என்னும் பரிவிராசகன் ‘நிப்பானம் யாது?’ என வினாவியபோது, காமக் கேடும் வெகுளிக் கேடும் மயக்கக் கேடுமே நிப்பானம் எனச் சாரிபுத்தர் விடையிறுத்தார்.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் வேண்டுவார் ‘தணிதல்’ என்பதனைக் கொள்ளலாமென்பது எம் கருத்து. தீயும் தணியும், தாகமும் தணியும், சினமும் தணியும். குளிர்ச்சிப் பொருளும் அதனுள் உண்டு. பாலியிலும் நிப்பானம் எய்தினானை ‘ஸீதிபூத’, குளிர்ந்தவன், என்றே வழங்குவர். புலன்களை அவித்தல் எனத் திருவள்ளுவனார் ஆண்ட வினையும் இங்ஙனமே அழித்தலையன்றி அடக்கித் தணித்தலை உணர்த்துதல் காண்க. புத்தர் போதிமரத்தடியில் முப்பத்தைந்தாம் அகவையில் நிப்பானம் எய்தியபின் நாற்பத்தைந்தாண்டு நடந்து, உண்டு, உரையாடி வாழ்ந்தார். உடலோடு கூடிய அந்நிலையை ஸஉபாதிசேஸம் என்றும், உடல் வீழ்ந்தபின் உள்ளதனை அனுபாதிசேஸம் என்றும் பகுப்பர். சீவன்முத்தி விதேகமுத்தி என்னும் பகுப்பை அறிந்த நமக்கு இதன் அமைப்பு புதியதன்று.

அங்ஙனமாயின் உடல் வீழ்ந்தபின் அவன் என்னாவான்? இவ்வினாவை வச்சகோத்தன் நேர்நின்று கேட்டான். பிறப்பான், பிறவான், இரண்டுமாவான், இரண்டுமல்லன் என்னும் நான்கும் பொருந்தா எனப் புத்தர் மறுத்து, ‘முன்னெரிந்த தீ அவிந்தபின் கிழக்கே சென்றதோ மேற்கே சென்றதோ என ஒருவன் கேட்பின் யாது கூறுவாய்?’ என்று எதிர்வினாவினார். புல்லும் விறகும் பற்றி எரிந்தது, அவை தீர்ந்தமையின் அவிந்தது. திசை கூறுதல் பொருந்தாது என்றான் அவன். அதுவே விடையென விடுத்தார். சுவேதாசுவதர உபநிடதம் அரணிக்கட்டையில் மறைந்துள்ள தீ காணப்படாதாயினும் அதன் நுண்ணுரு அழியாதென்கின்றது. அப்பரடிகளும் விறகினுள் மறைந்த தீயை இறைவனுக்கு உவமையாக எடுத்தாண்டனர். இதுகொண்டு ‘புத்தரும் அதனையே உட்கொண்டு கூறினார்’ என முடிப்பாரும் உளர். யாம் அத்துணைத் துணியேம். நுண்ணுரு உளதென்று புத்தர் கூறிற்றிலர், இலதென்றும் கூறிற்றிலர். அவர் வாய்வாளாத இடத்து நம் கருத்தை வைத்து நிரப்புதல், பகைவராயினும் நண்பராயினும், முறையாகாது.

கந்தம் என்னுஞ் சொல் மணத்தைக் குறிக்குமென எண்ணித் தடுமாறிய மாணவரை யாம் கண்டதுண்டு. பாலியிற் கந்த என்பது மரத்தின் அடியும் பொருளின் குவியலுமாம். பெருந்தீயை அக்கிக்கந்த என்பர். மக்களெனப்படுவது ஐந்து குவியல்: ரூபம், வேதனா, ஸஞ்ஞா, ஸங்காரம், விஞ்ஞாணம். இவற்றை மணிமேகலை முப்பதாங் காதை உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, உள்ள அறிவு எனத் தமிழ்ப்படுத்துகின்றது. வேதனா என்றவுடன் நாம் நோவென்று கொள்வோம். மூலத்தில் அஃது இன்பம், துன்பம், இரண்டுமன்மை என்னும் மூன்றற்கும் பொது. நுகர்ச்சி என்ற தமிழ் அப்பொதுமையைக் காத்தது. ஸஞ்ஞா என்பதனைக் குறிப்பென்றது அதனினும் சிறப்பு. தச்சன் மரத்துண்டுகளில் அடையாளமிட்டுப் பின் அவ்வடையாளங் கண்டு ‘இஃது இன்னது’ என அறிதல் போலப் பொருளைக் குறியிட்டு அறிதலே ஸஞ்ஞா என உரையாசிரியர் விளக்குவர். குறி, குறிப்பு என்னுஞ் சொல்லிலே தச்சனுடைய அடையாளமும் அடங்கிற்று. அறிவு வகைகளின் வேறுபாட்டுக்குப் புத்தகோசர் கூறும் உவமையும் இனிது. பலகைமேற் குவித்த காசுகளைக் குழவியொன்று வண்ணமும் வடிவுமாகக் காணும்; அது ஸஞ்ஞா. நாட்டான் அவை பொருள்வாங்கப் பயன்படுமென்பதனையும் அறிவன்; அது விஞ்ஞாணம். நாணயம் நோக்கும் வணிகன் தட்டியும் முகந்தும் சுவைத்தும் இது நல்லது, இது கள்ளது, இன்ன ஊரில் இன்னான் அடித்தது எனக் காண்பன், அது பஞ்ஞா.

மொழிபெயர்ப்பின் நுட்பத்துக்கு ஸங்காரம் என்னுஞ் சொல் உரைகல். ‘ஸம்’ என்னும் முன்னொட்டும் செய்தற்பொருளதாகிய வேரும் கூடியது. கூட்டிச்செய்தல், கூட்டிச் செய்யப்பட்டது என வினையும் பயனும் இரண்டனையும் உணர்த்தும். பன்னிரு சார்புகளைக் கூறுமிடத்து மணிமேகலை இதனைச் செய்கை என்கின்றது. ஐங்கந்தங் கூறுமிடத்துப் பாவனை என்கின்றது. ஒரு சொற்கு இருபெயர்ப்பு பிழையென்பாரும் உளராவர். அற்றன்று, சார்பு வரிசையிற் பேதைமை காரணமாகப் பிறக்கும் வினையே பொருள், கந்த வரிசையில் உள்ளத்தை உருவாக்கும் பழக்க நிலையே பொருள். இடமறிந்து பெயர்த்தனர் என்க. அச்சார்பு வரிசையின் ஏனைய பெயர்களும் அத்தகையனவே: அவிஜ்ஜா பேதைமையும், நாமரூபம் அருவுருவும், ஸளாயதனம் வாயிலும், பஸ்ஸம் ஊறும், ஜாதி தோற்றமும் ஆயின. இறுதியிலுள்ள ஜராமரணம் மட்டும், மூப்புச் சாவு என நேரே வாராது, வினைப்பயன் என வந்தது; அது பெயர்ப்பன்று, விளக்கம். இச்சொற்கள் பாலியினின்று வந்தனவா வடமொழிப் பௌத்த நூல்களினின்று வந்தனவா என்பது தனித்தாராயத்தக்கது. இருபத்தொன்பதாங் காதையின் தருக்கம் திக்நாகர் வழிவந்த நியாயப்பிரவேசத்தோடு ஒத்தலின், அந்நூலாசிரியர் வடநூற் பௌத்தமும் வல்லரென்பது தெளிவு. 1898-இல் அந்நூலை முதற்கண் செவ்விதாகப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரவர்களும் இச்சொற்களைத் தெளிதற்குப் பெருமுயற்சி எடுக்கவேண்டியிருந்தது. பௌத்தப் பொருள் அறிந்த மளூர் ரங்காசாரியர் அவர்க்குத் துணைநின்றார். தமிழ்நாட்டில் வழக்கிறந்த மதமொன்றன் அகராதி தமிழ்க் காப்பியமொன்றனுள்ளே உறங்கிக் கிடந்தது.

எஞ்சியது அனத்தா. இதுவே நமக்கும் அவர்க்கும் உள்ள வழக்கின் உயிர்நிலை. இச்சொல் ‘அன் + அத்தா’. ‘தானன்று’, ‘ஆன்மா அன்று’ என்பதே நேர்ப்பொருள். ‘ஆன்மா இல்லை’ என்பது வேறு தொடர். இசிபதனத்தில் ஐவர்க்குக் கூறிய இரண்டாம் உரையில், உருவு தானாயின் அது நோயுறாது, ‘என் உருவு இங்ஙனமாகுக’ என்று ஆணையிடவும் இயலும். இயலாமையின் அது தானன்று. நுகர்ச்சி முதலிய நான்கும் அங்ஙனமே என்றார். ‘இஃது எனதன்று, இது யானல்லேன், இஃது என் ஆன்மா அன்று’ என நோக்குதலே பயிற்சி. வச்சகோத்தன் பிறிதொருகால் ‘ஆன்மா உண்டோ?’ என்றும் ‘இல்லையோ?’ என்றும் கேட்ட இரண்டற்கும் விடை மௌனமே. சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் மெய்கண்டதேவர் ‘எனது உடல்’ என்னும் வழக்கினின்றே உடலின் வேறாய உயிர் உண்மையை நிறுவினார். ‘எனதன்று’ என ஒருவர் தள்ளிய இடத்திலேயே ‘எனது’ என்றவன் யாவன் என மற்றவர் வினவினார். இருவரும் நின்ற படி ஒன்று. முகம் நோக்கிய திசை வேறு.

ஆயினும் மூலத்திற் கண்ட மௌனத்தைக் காட்டி வழிவந்த தேரவாதத்தின் துணிபை மறைத்தல் நேர்மையன்று. செயல் உண்டு, செய்வோன் காணப்படான். பயன் உண்டு, துய்ப்போன் காணப்படான் என்பது விசுத்திமக்கத்தின் கொள்கை. நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு, முதல் யாமத்துச் சுடரும் கடையாமத்துச் சுடரும் அதுவுமன்று பிறிதுமன்று என உவமை காட்டியதும் இக்கருத்தே. புத்தருள்ளேயே புக்கலவாதியர் இதற்கு உடன்படாது, கந்தங்களின் ஒன்றுமல்லாத வேறுமல்லாத புக்கலன் ஒருவன் உளனென வாதிட்டனர். கதாவத்து என்னும் நூல் அவர்களை மறுத்தலோடே தொடங்குகின்றது. கம்மம் என்பது சேதனா, எண்ணித் துணிதலே என்றார் புத்தர். சமணர் அதனை நுண்பொருளாகவும், சித்தாந்திகள் தானே பயன்தரமாட்டாத சடமாகவும் கொள்வர். எண்ணமே வினையாயின் எண்ணினவன் யார் என்னும் வினா பாலிச் சொல்லின் பொருள் முழுதும் தெளிந்தபின்னும் எஞ்சியே நிற்கும். ஆனால் அதுவே வினவத்தக்க வினா. ‘அழிவை வேண்டினீரே’ என்பது அன்று.

முன்னர் நிறுத்திய வரலாற்றுச் செய்திக்கு வருவாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் சித்தியார் பரபக்கத்தில் மறுக்கும் புத்தர் நால்வர்: சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர். இப்பகுப்பு வடமொழித் தருக்கநூல்களில் வழங்கியது. வைபாடிகர் என்னும் பெயரே, முக்காலப் பொருளும் உளவென்னும் சர்வாஸ்திவாதியரின் விபாஷை என்னும் உரையாற் போந்தது. அச்சர்வாஸ்திவாதத்தைக் கதாவத்து மறுத்திருக்கின்றது. எனவே தேவாரங் குறித்த தேரர் வேறு, பரபக்கங் குறித்த நால்வர் வேறு. பரபக்கத்தின் வாதங்களை அப்படியே எடுத்து இலங்கைப் புத்தர்மேல் ஏவுவார், தம் முன் நில்லாதான் ஒருவனோடு மற்போர் புரிவாரை ஒப்பர். ஆசிரியர்மேற் குற்றமன்று இது; அவர் தம் காலத்துத் தருக்க அவையிற் பேசப்பட்டாரையே மறுத்தனர். இலண்டனிற் பாலிநூற் கழகம் 1881-இல் தோன்றியபின் மூலநூல்கள் அச்சேறின. ரைஸ் டேவிட்ஸும் ஸ்டீடும் தொகுத்த பேரகராதி 1921 முதல் 1925 வரை வெளிவந்தது. மூலமும் அகராதியும் கைக்கெட்டிய பின்னரும் பழைய பூர்வபக்கத்தையே ஓதுவது நம் சோம்பலன்றிப் பிறிதன்று.

சேக்கிழார் பெருமான் பாடிய சாக்கிய நாயனார் புராணத்தை ஈண்டு நினைவுகூர்வாம். சங்கமங்கையிற் றோன்றிய அவர் காஞ்சிபுரஞ் சென்று சாக்கியநெறி பயின்று அதன் உண்மையை உள்ளவாறு ஆராய்ந்தனர். பின்னரே செய்வினை, செய்பவன், பயன், பயன்கொடுப்பவன் என்னும் நான்கும் வேண்டுமெனத் தெளிந்தனர். விசுத்திமக்கத்தின் கொள்கையோடு இந்நான்கனையும் ஒட்டிவைத்துப் பார்ப்பார்க்கு ஒன்று விளங்கும்: வினையும் பயனும் இருசாரார்க்கும் உடன்பாடு; செய்பவனும் கொடுப்பவனும் என்னும் இரண்டே பிணக்கு. காஞ்சியிலே தேரரிடம் பாடங் கேட்டவர்க்கன்றி இத்துணைச் செவ்விதாக அப்பிணக்கின் எல்லை புலப்படாது. அவர் அந்நான்கனைத் தெளிந்த பின்னரும் சாக்கிய உடையைக் களைந்திலர். அவ்வுடையொடு சென்றே நாள்தோறும் கல்லெறிந்து வழிபட்டனர்.